எந்த நீருக்கு எந்த வடிகட்டி: வன்னிக் குடிநீரின் குற்றங்களும் அவற்றை நீக்கும் முறைகளும்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் அமைந்த பூவரசங்குளமும் அதைச் சூழ்ந்த ஊர்களும், வயலுக்குக் குளத்தையும் வாய்க்குக் கிணற்றையும் நம்பி வாழ்பவை. இவ்விரண்டு நீரும் ஒரே மழையிலிருந்து வந்தாலும் அவற்றின் குற்றங்கள் வேறு வேறு. குளத்து நீர் கலங்கலாகவும் கிருமி கலந்ததாகவும் இருக்கிறது. கிணற்று நீரோ பார்வைக்குப் பளிங்குபோல் தெளிந்திருந்தும், பாறையிலிருந்து கரைந்த உப்புகளைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. ஆகவே நீரில் என்ன குற்றம் உள்ளது என்று அறியாமல் கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு வடிகட்டியை வாங்கி வைப்பது, நோயை அறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு முறையும் எதை நீக்கும், எதை நீக்காது என்பதை வன்னியின் நிலைமையோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரின் மூவகைக் குற்றங்கள்

குடிநீரைக் கெடுப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். இலை, பாசி, மண், வண்டல் ஆகிய மிதப்பனவும் தொங்குவனவும் முதல் வகை. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி முதலியவற்றைப் பரப்பும் பற்றீரியாக்கள், வைரசுகள் போன்ற நுண்ணுயிர்கள் இரண்டாம் வகை. கல்சியம், மகனீசியம், புளோரைட்டு, நைத்திரேற்று என நீரோடு நீராகக் கரைந்துவிட்டவை மூன்றாம் வகை. முதல் வகையைக் கண் காணும். மற்ற இரண்டையும் ஆய்வுகூடமே காணும்.

வவுனியா மாவட்டத்தின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குருப் பாறைகளின் மேல் அமைந்துள்ளது. அப்பாறைகளில் உள்ள அபதைற்று, மைக்கா போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு சிறிது சிறிதாகக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. மழை குறைந்து ஆவியாதல் மிகுந்த உலர் வலயத்தில் அதன் செறிவும், நீரின் கடினத்தன்மையும், அதாவது கரைந்த கல்சிய மகனீசிய உப்புகளின் அளவும், உயர்கின்றன. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றர் நீரில் புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கும், நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புளோரைட்டு எல்லை 1.5 மில்லிகிராம் ஆயினும், வெப்பமான நாட்டில் மக்கள் கூடுதலாக நீர் பருகுவதால் இலங்கையின் எல்லை இறுக்கமாக வைக்கப்பட்டுள்ளது.

புளோரைட்டு மிகுந்த நீரைப் பற்கள் உருவாகும் வயதில் தொடர்ந்து பருகும் பிள்ளைகளுக்குப் பற்களில் வெண்கோடுகளும் பழுப்புக் கறையும் படிகின்றன. செறிவு மிக அதிகமாக இருந்து பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. இதற்கு அப்பால், 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்டு வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்படும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளையும் தாக்குகிறது. புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்த நீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் உழைப்பதால் உடல் நீரை இழத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளபோதிலும் அவற்றுள் எதுவும் தனிக் காரணமாக நிறுவப்படவில்லை. எனினும் நல்ல குடிநீரைப் போதிய அளவு பருகுவது தற்காப்பின் முதற்படி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கலங்கலைத் தெளிவித்தல்

நீரை அசையாமல் வைத்துக் கசடு அடியில் தங்கிய பின் மேல்நீரை மெல்ல வார்த்தெடுப்பது மிக எளிய முறை. ஆனால் களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் நாட்கணக்கில் வைத்தாலும் படிவதில்லை. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாரமாக்கும் பொருளுக்குத் திரட்டி என்று பெயர். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்சுவரில் சில சொட்டு நீர் விட்டுத் தேய்த்து, அந்த விழுதின் மேல் கலங்கிய நீரை ஊற்றிக் கலக்கிவிட்டால், சற்று நேரத்தில் கசடு பஞ்சுபோலத் திரண்டு அடியில் அமர்வதைக் காணலாம். முருங்கை விதைப் பருப்பிலுள்ள புரதமும் இவ்வாறே தொழிற்படுகிறது. சீனக்காரம் எனப்படும் படிகாரம் இதே வேலையை விரைவாகச் செய்வதால் நகர நீர் வழங்கல் நிலையங்களில் அலுமினிய உப்புகள் பயன்படுகின்றன.

2009ஆம் ஆண்டு செட்டிகுளத்தில் மனிக்பாம் முகாம்களில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கவைக்கப்பட்டபோது, அருவியாற்று நீரை இறைத்துத் தெளிவித்துக் குளோரீன் இட்டு வழங்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் அம்முகாம்களில் செங்கமாரி பரவியமை, பெருங்கூட்டம் நெருங்கி வாழும் இடத்தில் நீரோடு மலசலகூட வசதியும் கைச்சுத்தமும் இணைந்திராவிடில் நோயைத் தடுத்தல் அரிது என்பதைக் காட்டியது.

துணியால் வடிப்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடித்தபோது வாந்திபேதி ஏறத்தாழ 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் வெளியிட்டனர். வாந்திபேதிக் கிருமி நீரில் வாழும் நுண்மிதவை உயிரிகளில் ஒட்டி வாழ்வதும், துணி அம்மிதவைகளைத் தடுத்துவிடுவதுமே இதற்குக் காரணம். தனித்து நீந்தும் பற்றீரியாவைத் துணி தடுக்காது. எனவே தெளிவித்தல் எந்த வடிவில் செய்யப்பட்டாலும் அது முதற்படியே ஆகும்.

மணல் வடிகட்டி

நுண்மணல் படுக்கையினூடாக நீரை மிக மெதுவாகக் கசியவிடும் மெதுமணல் வடிகட்டியில், சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்று உருவாகிறது. அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளை உண்டும் சிதைத்தும் அழிக்கின்றன. 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி ஏறத்தாழ 8,600 உயிர்களைக் கொண்டுபோனபோது, அதே எல்பே ஆற்று நீரை மணலில் வடித்து வழங்கிய அயல் நகரான அல்தோனா பெரும்பாலும் தப்பியது. மணல் வடிகட்டியின் பயனை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு இதுவே.

இதைச் சிறிதாக்கி வீட்டில் வைக்கத்தக்க உயிர்மணல் வடிகட்டியைக் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கினார். நீர் ஓட்டம் நின்ற நேரத்திலும் மணலுக்கு மேல் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீர் தங்கும்படி அதன் வெளிக்குழாய் உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் உயிர்ப்படலம் காய்ந்து சாகாமல் பிழைக்கிறது. மணலை அடிக்கடி கிளறிக் கழுவுவது நன்மை போலத் தோன்றினாலும் அப்படலத்தையே அழித்துவிடும். குளத்து நீருக்கும் வெள்ளம் புகுந்த கிணற்று நீருக்கும் மணல் வடிகட்டி பொருத்தமானது. கரைந்த புளோரைட்டையோ உப்பையோ அது தொடுவதில்லை.

கிருமிகளை அழித்தல்

சுட்ட களிமண் அல்லது பீங்கானால் ஆன மெழுகுதிரி வடிவ வடிகட்டிகளின் நுண்துளைகள் பெரும்பாலான பற்றீரியாக்களைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் செங்கமாரியைத் தோற்றுவிக்கும் வைரசு அத்துளைகளை விடச் சிறியது. ஆகவே செங்கமாரி பரவும் காலத்தில் வடித்த நீரையும் கொதிக்க வைக்க வேண்டும். நீர் குமிழியிட்டுப் புரண்டு கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமிகள் அழிந்துவிடும். கொதித்தாறிய நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, கை படாமல் வார்த்தெடுப்பது அதன் தொடர்ச்சியான கடமை.

விறகு அரிதான இடத்தில், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தல்களில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரமும் முகில் மூடிய நாட்களில் தொடர்ந்து இரண்டு நாட்களும் வைப்பது ஏற்கப்பட்ட முறை. வெள்ளத்தின் பின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலிலேயே செய்ய வேண்டும். குளோரீன் தொழிற்படக் குறைந்தது அரை மணி நேரம் தேவை, கலங்கிய நீரில் அதன் வலு வீணாகிவிடும்.

கொதிக்க வைப்பதை எல்லாக் குற்றத்துக்கும் மருந்தாகக் கருதும் வழக்கம் வன்னியில் பரவலாக உள்ளது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கு, கடினத்தன்மையின் ஒரு பகுதி பிரிந்ததற்குச் சான்றே தவிர நீர் தூய்மையானதற்குச் சான்றன்று. புளோரைட்டும் நைத்திரேற்றும் ஆவியாவதில்லை. நீர் வற்றும்போது அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

கரைந்தவற்றைப் பிரித்தல்

இந்தியாவின் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் வெளிற்றுத்தூளும் அளவறிந்து கலக்கப்பட்டு, திரளும் கசட்டோடு புளோரைட்டும் அடியில் அமர்த்தப்படுகிறது. இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்த ஜே.பி. பத்மசிறி 1990களில், சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பிய எளிய வீட்டு வடிகட்டியை அறிமுகப்படுத்தினார். செங்கல்லிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகள் புளோரைட்டைப் பிடித்து வைக்கின்றன; பிடிக்கும் வலு தீர்ந்த பின்பும் நீர் முன்போலவே தெளிவாக வருமாதலால், குறித்த காலத்தில் கல்லை மாற்றுவதும் நீரைச் சோதிப்பதும் இன்றியமையாதவை. கடைகளில் விற்கும் கிளர்வுற்ற காபன் வடிகட்டி மணத்தையும் நிறத்தையும் குளோரீனையும் அகற்றும். கடினத்தன்மையையும் புளோரைட்டையும் அகற்றாது.

இன்று சிறுநீரக நோய் காணப்படும் ஊர்களில் பரவலாக நிறுவப்பட்டிருப்பது ஆர்.ஓ. எனப்படும் நேர்மாறு பிரசாரண நிலையம். நீர் மூலக்கூறுகளை மட்டும் பெரும்பாலும் அனுமதிக்கும் மென்சவ்வின் ஒரு பக்கத்தில் நீரை உயர் அழுத்தத்தில் செலுத்த, உப்புகள் அப்பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. இதற்கேற்ற செயற்கைச் சவ்வைச் சிட்னி லோப், சிறிநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் 1950களின் இறுதியில் உருவாக்கினர். இலங்கைக் கடற்படை தானே பொருத்தியமைத்த இத்தகைய நிலையங்களும் வடமத்திய, வட மாகாணங்களில் இயங்குகின்றன.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. சவ்வு தீயதோடு நல்ல கனிமங்களையும் நீக்குகிறது. உட்சென்ற நீரில் கணிசமான பகுதி உப்புச் செறிந்த கழிவாக வெளியேறுவதால், அதைக் கிணற்றருகே ஊற்றினால் பிரித்தெடுத்த உப்பு மீண்டும் அதே நிலத்தடி நீரையே சேரும். வெளிவரும் நீரில் குளோரீன் எச்சம் இல்லாமையால், கழுவாத கலனில் பிடித்துச் செல்லும் நீரில் கிருமிகள் எளிதில் பெருகும். சவ்வை உரிய காலத்தில் மாற்றக் கிராம மட்டத்தில் பணமும் பொறுப்பாளரும் இல்லாவிடில், நிலையம் இயங்கிக்கொண்டிருந்தும் பயனற்றதாகிவிடும்.

மழைநீர்: கரைந்த உப்பில்லாத நீர்

புளோரைட்டும் கடினத்தன்மையும் பாறையிலிருந்து வருவதால், பாறையைத் தொடுமுன் பிடித்த மழைநீரில் அவை இருப்பதில்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லீற்றர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் செலவிடும் குடும்பத்துக்கு 8,000 லீற்றர் தொட்டி 320 நாட்களுக்குப் போதும். பீலியில் வலை பொருத்தி இலைகுழையைத் தடுத்தல், கூரையின் தூசையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுதல், நுளம்பு புகாதபடி தொட்டியை மூடுதல் ஆகிய மூன்றும் இதன் வடிகட்டல் முறைகள். கிருமி ஐயத்துக்குக் கொதிக்க வைத்தல் போதும்.

தெரிவு செய்யும் ஒழுங்கு

வடிகட்டி வாங்குமுன் கிணற்று நீரைச் சோதிப்பித்தலே முதற்செயல். பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாகவோ நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்திலோ புளோரைட்டு, கடினத்தன்மை, நைத்திரேற்று, கோலிப் பற்றீரியா ஆகியவற்றைச் சோதிப்பித்து, கோடையின் இறுதியில் ஒரு முறையும் மாரிக்குப் பின் ஒரு முறையும் ஒப்புநோக்குவது நல்லது. கோடையில் உப்பும் மாரியில் கிருமியும் மிகுவது இயல்பு. கிருமி மட்டும் இருப்பின் மணல் வடிகட்டியோடு கொதிக்க வைத்தலோ குளோரீனோ போதும். கலங்கலும் இருப்பின் அதை முன்னரே தெளிவிக்க வேண்டும். புளோரைட்டு எல்லை கடந்திருப்பின் மழைநீரோ முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. நீரோ பருகவும் சமைக்கவும் தேவை. குளிக்கவும் துவைக்கவும் அதே கிணற்று நீர் போதுமாகையால், விலையுயர்ந்த நீரை வாய்க்குள் செல்லும் அளவுக்கே செலவிடுவது வீட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் நன்மை. பிள்ளைகளின் பற்களில் கறை தென்பட்டாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் சிறுநீரக நோய் இருந்தாலோ, நீர்ச் சோதனையோடு வைத்தியசாலையில் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனையையும் காலந்தாழ்த்தாது செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் சிறுநீரக நோய் நெடுங்காலம் அறிகுறி காட்டாமலே வளரக்கூடியது.