ரத்தத்தின் கதை – 7: கண்ணாடிக் குழாயும் கண்ணாடி விரியனும்

சென்ற வாரம் நாம் பார்த்த பரிசோதனைகளுக்கெல்லாம் யந்திரமும் மின்சாரமும், குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திய ரசாயனங்களும் வேண்டியிருந்தன. ஆனால் நள்ளிரவில் பாம்பு தீண்டி, வயல் வரப்பிலிருந்து தூக்கிவரப்படும் ஒரு விவசாயியின் ரத்தம் உறையும் சக்தியை இழந்துவிட்டதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அறிந்துகொள்ள ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் போதும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் வியப்பு இன்றுவரை தணியவில்லை.

நோயாளியின் சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த குழாயில் விட்டு, பிளாஸ்திரித் துண்டில் நேரத்தைக் குறித்து அதன்மேல் ஒட்டி, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் நிறுத்திவைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ஆரோக்கியமான ரத்தம் உறை விழுந்த தயிர்போல் அசையாது நிற்கும். கண்ணாடி விரியனின் விஷம் ஏறிய ரத்தமோ தண்ணீராக வழிந்துவிடும்.

இதன் காரணம் விசித்திரமானது. அவ்விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில்லை. உறைதலின் பத்தாவது, ஐந்தாவது காரணிகளைத் தட்டியெழுப்பி, உடம்புக்குள்ளேயே ஓயாமல் உறைதலைத் தூண்டி, உறைகட்டிக்கு இழையாக அமையும் பைப்ரினோஜனைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. நூல் தீர்ந்த தறியில் துணி ஏது? குழாயில் உறைந்துவிட்டது என்பதற்காக அபாயம் இல்லையென்று முடிவு கட்டுவதும் கூடாது; நல்ல பாம்பும் கட்டு விரியனும் பெரும்பாலும் நரம்பைத்தான் தாக்கும்.

இங்கே குழாய் வெறும் பாத்திரமன்று. கிளீவ்லாந்து நகரத்து வைத்தியர் ராட்னாஃப் 1955-ல் விவரித்த ஹேக்மான் என்ற நோயாளியின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய வெகுநேரம் பிடித்தது. ஆயினும் அவருக்கு மிதமிஞ்சிய ரத்தப்போக்கு ஏற்பட்டதே கிடையாது. அவரிடம் இல்லாதிருந்த பன்னிரண்டாவது காரணிதான் கண்ணாடியின் ஸ்பரிசத்தால் விழித்தெழுந்து குழாயில் உறைதலைத் தொடங்கிவைப்பது. பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அது சரிவர விழிப்பதில்லை. அதனால் குற்றமற்ற ரத்தமும் உறையாமல் நின்று, வேண்டாத விஷமுறிவு மருந்தையும் அதன் ஒவ்வாமையையும் நோயாளி தாங்கும்படி நேரிடும். பழைய குழாயையே கழுவிக் கழுவிப் பயன்படுத்துவதை நான் பிடிவாதமாக ஆட்சேபிப்பது இதனாலேதான்.

சந்தேகம் தோன்றினால், உடன் வந்த தமையனிடம் 2 மில்லி ரத்தம் பெற்று, அதே மாதிரிக் குழாயில் பக்கத்திலேயே நிறுத்திவைப்பார்கள். தமையனின் ரத்தம் உறைந்து, தம்பியின் ரத்தம் வழிந்தால் விஷமுறிவு மருந்து உடனே ஏற்றப்படும். விஷம் முறிந்தபின் ஈரல் புதிய காரணிகளை ஆக்கித் தர ஏறக்குறைய 6 மணி நேரம் செல்லுமாகையால், அடுத்த குழாய் அதன் பிறகுதான் வைக்கப்படும்.

அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தோன்றியது; அது சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)