ஏட்டிலும் வீதியிலும் மாலை மதுரை

மதுரைக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலோர் காலையில் கோயிலை வணங்கி, நண்பகலில் துணிமணி வாங்கி, மாலையில் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அந்நகரைப் பாடிய பழம்புலவர் இதனை அறிந்தால் வியப்புறுவர். ஏனெனில், ஒரு நகரத்தின் மாலையையும் இரவையும் அவ்வளவு விரிவாகத் தமிழ் ஏட்டில் ஏற்றிவைத்த பெருமை மதுரைக்கே உரியது. வெயில் தணிந்த பிறகு அந்நகர் வீதிகளில் நான்கைந்து மணி நேரம் நடப்பவர், வகுப்பறையில் படித்த பாட்டு ஒன்றின் உள்ளே நடப்பவர் ஆகின்றார். அங்ஙனம் நடப்பதற்கு உரிய முறையையும், காண வேண்டுவனவற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

இரு வழிகாட்டிகள்

மதுரை காண விழைவோர்க்குப் பழந்தமிழ் நூல்கள் இரண்டு துணையாகும். ஒன்று சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் வரும் ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டுக் கோவலன் தனியே நகருக்குள் சென்று சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என அவன் கண்டவற்றை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். இது பகற்காட்சி.

மற்றொன்று மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய இப்பாட்டு 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. இதன் நடுப்பகுதி முழுவதும் நகர் உலாவே ஆகும். பகலில் கூடும் நாளங்காடி முதலில் வருகிறது. பின்னர் அந்தி விழாவின் இசை, கைக்குழந்தைகளோடு பூவும் புகையும் ஏந்திப் பள்ளிக்குச் செல்லும் மகளிர், அறங்கூறும் அவையம், மாலையில் கூடும் அல்லங்காடி, மதியத்தின் தோற்றம், இரவின் யாமங்கள், இறுதியில் விடியல் என்று காலம் நகர நகரக் காட்சியும் நகர்கிறது. மாலை உலாவுக்கு ஏற்ற வழிகாட்டி இதுவே.

கல்லின் வயது

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்று மதுரையில் நாம் காணும் கட்டடங்கள் மாங்குடி மருதனார் கண்டவை அல்ல. ஆலவாய்க் கோயில் பழமையானது என்பதில் ஐயமில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் அதனைப் பாடியுள்ளனர். எனினும், இப்போதுள்ள கீழைக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. சுமார் 170 அடி உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரம் 1559-இல் எழுந்தது. ஆயிரங்கால் மண்டபம் 1569-இல் அரியநாத முதலியார் கட்டியது. அதன் தூண்களை எண்ணினால் 985 தேறும். 1311-இல் நிகழ்ந்த மாலிக் காபூரின் படையெடுப்பும், அதன்பின் வந்த சுல்தான்கள் ஆட்சியும் கடந்து, விசயநகரத்தாரும் நாயக்கரும் மீண்டும் எழுப்பிய நகரமே நம் கண்முன் உள்ளது.

சங்க கால மதுரை சரியாக இதே இடத்தில்தான் இருந்ததா என்பதிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருமுருகாற்றுப்படை பரங்குன்றம் கூடலுக்கு மேற்கே உள்ளது என்கிறது. இன்றைய கோயிலிலிருந்து பார்த்தால் குன்றம் தென்மேற்கில் நிற்கிறது. 2015 முதல் அகழப்பட்டுவரும் கீழடி, நகருக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளது. இவையெல்லாம் ஆராய்ச்சிக்கு உரியன.

அவ்வாறாயின் மதுரையில் பழமையானது எது? கல்லைவிட வழக்கம் பழமையானது என்பதே இதற்கு விடை. கோபுரங்களும் மண்டபங்களும் பின்னர் வந்தவை. மாலையில் பூ விற்பதும், விளக்கேற்றுவதும், அந்திக் கடை விரிப்பதும், இரவெல்லாம் உணவு விற்பதும் மருதனார் காலத்தும் இருந்தன. மாலை உலாவின் பயன், இவ்விரண்டையும் தனித்தனியே அறிந்து காண்பதில்தான் இருக்கிறது.

மகாலில் தொடக்கம்

மாலை நான்கு மணி அளவில் திருமலை நாயக்கர் மகாலில் தொடங்குவது நலம். அதன் பார்வை நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. 1636-இல் கட்டப்பெற்ற இவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. நாயக்கரின் பேரர் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பிரித்தெடுத்தார். எஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன பருத்த தூண்களின்மேல் சாயும் வெயில் படியும் பொழுதே அவற்றின் உருட்சி நன்கு புலப்படும். இரவில் இங்கே ஒலி ஒளிக் காட்சி நடத்தும் வழக்கம் உண்டு. நாயக்கரின் அரண்மனையில் கண்ணகியின் கதை ஒலிப்பது ஒரு சுவை. பழுதுபார்க்கும் பணிக்காக நிறுத்தி வைப்பதும் உண்டாதலால், முன்னரே கேட்டறிவது நன்று.

வீதிகளின் பெயர்

மகாலிலிருந்து வடமேற்கே கோயிலை நோக்கி நடந்தால் விளக்குத்தூண் வரும். மதுரையின் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தப்பட்டது இது. நாயக்கர் காலத்துக் கோட்டையை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிப்பித்து, அகழியைத் தூர்த்து, நகரை வெளியே விரித்தவர் அவரே. கோட்டை நின்ற எல்லையை ஒட்டி அமைந்தவை வெளி வீதிகள். அப்பணியில் ஈடுபட்ட இருவர் பெயர்கள் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் நிலைத்துவிட்டன. கோயிலுக்குக் கிழக்கே, பழைய பாண்டியர் கோட்டையின் வாயில் ஒன்று மட்டும் இடிபடாமல் விடப்பட்டு, விட்டவாசல் என்ற பெயரோடு நிற்கிறது.

கோயிலைச் சூழ்ந்த வீதிகள் சதுரத்துள் சதுரமாக அமைந்தவை. மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி. அதனை அடுத்து மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் திசைக்கொரு பகுதியாக நான்கு உண்டு. தமிழ்த் திங்கள்களின் பெயர்களை வீதிகள் தாங்கி நிற்பது அவ்வத் திங்களில் நடந்த திருவிழா உலாவினால். இங்கே ஒரு புதிர் உண்டு. சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை. மாசி வீதிகளில் ஓடுகிறது! மாசித் திங்களில் நடந்துவந்த மீனாட்சி திருமண விழாவைத் திருமலை நாயக்கர், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை விழாவோடு இணைத்துவிட்டார் என்றும், திங்கள் மாறினும் தேர் தன் பழைய வீதியை விடவில்லை என்றும் கூறுவர். கல்லைவிட வழக்கம் வலிது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பூவும் பொழுதும்

ஆறு மணி அளவில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மல்லிகை மணம் எழும். அதிகாலையில் பறித்த மொட்டு, நாள் முழுதும் மூடியிருந்து, அந்தியில் இதழ் விரிக்கும் இயல்புடையது. ஆதலால் மாலையே பூ வாணிகத்தின் பொழுது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்விடத்தில் நெடுநல்வாடையை நினைத்தல் வேண்டும். மழை மூடிய கூதிர்க் காலத்தில் ஞாயிறு தோன்றாமையால் பகலும் மாலையும் வேறுபாடு அறிய முடியவில்லை. கூடையில் இட்டு வைத்த பித்திக அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டு, மாலை வந்தது என்று மகளிர் தெளிந்து, இரும்பு விளக்கில் திரி கொளுத்துகின்றனர். பித்திகம் வேறு, மல்லிகை வேறு. எனினும் இரண்டும் அந்தியில் மலர்வன. மலரே கடிகாரமாக இருந்த காலத்தை மாணவர்க்கு விளக்க, ஒரு முழம் பூவைக் காட்டுவதினும் சிறந்த உரை எது? மதுரைக்காஞ்சியில் மணமலர் ஏந்தி மனைதோறும் சென்று விற்கும் முதுபெண்டிரை, இன்று சித்திரை வீதியில் பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் ஆச்சிமாரிடம் காணலாம்.

அல்லங்காடி

விளக்குகள் எரியத் தொடங்கியதும் கடைவீதிகள் பொலிவு பெறுகின்றன. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். விளக்குத்தூண் பக்கத்தில் துணிக்கடைகள். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வாணிகம். நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராட்டிர நெசவாளரின் சுங்குடிச் சேலைகளையும் இவ்வீதிகளில் காணலாம். தொழிலுக்கு ஒரு தெரு என்னும் இவ்வமைப்பைக் கோவலன் கண்ட வீதிகளோடு ஒப்பிடுக. அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளும் கொடையளித்தோரைத் தொழிற்பெயரோடு குறிக்கின்றன: பொன் கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன். அவர்களுள் மதுரையைச் சேர்ந்தோர் எனக் குறிக்கப்பட்டோரும் உண்டு. இலக்கியத்துக்குக் கல்வெட்டு சான்று கூறும் அரிய இடம் இது.

கூடு திரும்பும் பறவைகளின் பல்வேறு குரல்கள் கலந்தாற்போல அல்லங்காடியின் ஆரவாரம் இருந்தது என்பது மருதனார் உவமை. அந்தி நேரத்தில் கீழமாசி வீதியில் நிற்பவர்க்கு இவ்வுவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

புது மண்டபத்தின் வினா

கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம் திருமலை நாயக்கரின் படைப்பு. நெடுங்காலமாக அதன் சிற்பத் தூண்களுக்கு இடையே தையற்காரரும், வளையல் வணிகரும், பாத்திரம் விற்போரும், புத்தகக் கடைக்காரரும் தொழில் செய்து வந்தனர். 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துப் பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்து வணிகரும் பின்னர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர்.

சிற்பங்களைக் காக்க இது வேண்டியதே. கருகிய கல்லை மீட்டெடுப்பது எளிதன்று. ஆயினும் மறுபக்கமும் எண்ணத் தக்கது. கோயிலும் அங்காடியும் அடுத்தடுத்து இருப்பது மதுரையின் தொன்மையான இயல்பு. மருதனார் பாட்டிலும் வழிபாட்டு ஒலியும் வாணிக ஒலியும் அருகருகே கேட்கின்றன. வணிகரை நெடுந்தொலைவுக்கு அனுப்பிவிட்டால் தூண்கள் பிழைக்கும், மாலை பிழைக்காது. கல்லுக்குப் பாதுகாப்பும், கடைக்கு நடந்து செல்லும் தொலைவில் நல்ல இடமும் ஒருங்கே கிடைக்குமாறு செய்வதே முறையாகும். பழம்பொருளைக் காக்கும் கடமை உடையோர் பழவழக்கத்தையும் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

இரவின் யாமங்கள்

கோயிலுக்குள் கைப்பேசியும் படக்கருவியும் அனுமதிக்கப்படுவதில்லை. அவற்றை வெளியே ஒப்படைத்துவிட்டுச் செல்க. பொற்றாமரைக் குளத்தின் படியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, ஒன்பது மணி அளவில் சுவாமி சன்னதிக்குச் சென்றால் பள்ளியறைக் காட்சியைக் காணலாம். சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி, இசை முழக்கத்தோடு அம்மன் சன்னதிக்கு எடுத்துச் செல்வர். நாள்தோறும் நடைபெறும் இச்சிறு ஊர்வலம், பெருந்திருவிழாவுக்குக் குறைந்ததன்று.

வெளியே வந்தால் ஊர் உறங்கியிருக்காது. தெருவோரம் இட்டிலித் தட்டுகளில் ஆவி பறக்கும். பரோட்டாக் கல்லில் தாளம் கேட்கும். பாலும், கடற்பாசியும், பாதாம் பிசினும், நன்னாரிச் சாறும் கலந்த ஜிகர்தண்டா குளிர்ச்சி தரும். மதுரைக்காஞ்சியில் இரண்டாம் யாமத்தில் அடையும் மோதகமும் விற்போர் தம் பண்டங்களுக்கு அருகிலேயே இருந்து தூங்கி வழிகின்றனர். மூன்றாம் யாமத்திலோ, நூலேணியோடு திரியும் கள்வரைப் பிடிக்க மழையிலும் துஞ்சாது காவலர் சுற்றுகின்றனர். வணிகன் விழித்திருக்கவும், வாங்குவோன் அஞ்சாது நடக்கவும், காவலன் உறங்காதிருக்க வேண்டும் என்பதைப் புலவர் நன்கு அறிந்திருந்தார். தூங்கா நகரம் என்னும் இன்றைய வழக்கு, அக்காவலரின் கண்களிலிருந்து பிறந்தது என்று கூறினும் பொருந்தும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மதுரைக்காஞ்சியை வகுப்பில் நடத்தும்போது இரு தவறுகள் நேர்வதுண்டு. இன்றைய கோபுரங்களைக் காட்டி, அவற்றையே புலவர் பாடினார் என்று மாணவர் எண்ண விடுவது ஒன்று. பாட்டில் உள்ளவை எல்லாம் மறைந்துபோன கற்பனை என்று எண்ண விடுவது மற்றொன்று. இரண்டையும் நீக்க, மாலை மதுரையே தக்க மருந்து. எந்தக் கட்டடம் எந்த ஆண்டினது என்று ஒரு பட்டியலும், எந்த வழக்கம் எந்தப் பாட்டில் உள்ளது என்று மற்றொரு பட்டியலும் எழுதச் செய்யலாம். நேரில் செல்ல இயலாத மாணவர், தம் ஊர்ப் பூக்கடைத் தெருவிலோ இரவுச் சந்தையிலோ நின்றும் இரண்டாம் பட்டியலைத் தொடங்கலாம். விற்போரின் குரல், பூவின் மணம், விளக்கின் ஒளி, பண்டத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பாட்டைப் படித்தால், 782 அடிகளும் சுமையாகத் தோன்றா.

மதுரை செல்வோர் ஒரு மாலையையும் ஓர் இரவையும் அந்நகருக்கென ஒதுக்குக. கையில் மதுரைக்காஞ்சி இருத்தல் நலம். காலில் நல்ல செருப்பு இருத்தல் அதனினும் நலம்.