சராசரி வருமானமும் கமக்காரரின் கணக்கும்

குடும்பங்களின் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்கும் கமக்காரர் சிலர், தமது வீட்டில் பணம் மிஞ்சாமைக்குத் தம் செட்டின்மையே காரணமெனக் கருதிக் கலங்குவதுண்டு. அவ்வாறு கலங்குமுன், அச்சராசரி எவ்வாறு பெறப்பட்டதென அறிதல் வேண்டும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு அளவீட்டின்படி, இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூபா 76,414 ஆக இருந்தது. ஆயினும், எல்லாக் குடும்பங்களையும் வருமான ஒழுங்கில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் ரூபா 53,333 மாத்திரமே. இதனை இடையம் என்பர். மொத்த வருமானத்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கு, செல்வம் மிகுந்த ஐந்திலொரு பகுதிக் குடும்பங்களைச் சேர்ந்தமையாற் சராசரி இவ்வளவு உயர்ந்தது.

ஒரே வாய்க்காலின்கீழ் உள்ள நான்கு குடும்பங்கள் காலபோகத்தில் ரூபா 60,000 வீதம் ஆதாயம் பெற, நெல் ஆலையுடைய ஐந்தாவது குடும்பம் ரூபா 4,60,000 பெற்றதெனக் கொள்க. சராசரி ரூபா 1,40,000 ஆகும். அத்தொகையைப் பெற்றவர் அங்கு ஒருவருமிலர்!

மரக்கறிச் செய்கையாளரை மயக்கும் சராசரி வேறொன்று: அது விலைச் சராசரி. வெங்காயம் பெருவாரியாக அறுவடையாகும் காலத்தில் விலை விழும். சந்தைக்கு வரவு குறைந்தபின்னரே ஏறும். ஒருவர் கிலோ 60 ரூபாவாக 800 கிலோவும், பின்னர் 180 ரூபாவாக 100 கிலோவும், 210 ரூபாவாக 100 கிலோவும் விற்றாரெனின், மூன்று விலைகளின் சராசரி 150 ரூபா. ஆகவே 1,000 கிலோவுக்கு ரூபா 1,50,000 கிடைக்குமென நம்பி அவர் கடன்பட்டிருக்கலாம். கைக்கு வந்ததோ ரூபா 87,000. அதாவது கிலோவுக்கு 87 ரூபா. உயர்ந்த விலை உண்மையே, ஆனால் அவ்விலைக்கு விற்க அவரிடம் இருந்தது இருநூறு கிலோ மாத்திரமே. குறைந்த 63,000 ரூபாவைக் கடன் கொடுத்தவர் சராசரிக் கணக்கிற் கழித்துவிடப் போவதில்லை.

நெற்செய்கையாளருக்கு வரவு ஆண்டில் இருமுறையே. குளத்தில் நீர் போதாவிடின் ஒருமுறைதான். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டாற் பிரித்துப் பார்த்து மாதத் தவணைக் கடன் பெறுவோர், விதைப்புச் செலவும் தவணையும் ஒருங்கே நெருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மனைவியின் காப்பை ஈடு வைக்க நேர்கிறது.

இதற்கு ஒரு கொப்பி போதும். விற்ற தேதி, நிறை, பெற்ற பணம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து, போக முடிவில் மொத்தப் பணத்தை மொத்த நிறையாற் பிரித்தால் தமக்குக் கிடைத்த உண்மை விலை தெரியவரும். வரவு, செலவுகளை மாதவாரியாகப் பிறிதொரு பக்கத்தில் எழுதுதல் வேண்டும். கடன் பெறச் செல்பவர் தவணைத் தொகையை நிச்சயிக்குமுன் அப்பக்கத்தில் மிகக் குறைந்த வரவுள்ள மாதத்தைப் பார்த்துக்கொள்வாராக. அறுவடையை அடுத்துத் தவணை செலுத்த இடமுண்டா என்பதையும் கடன் வழங்குவோரிடம் முன்கூட்டியே கேட்டறியலாம்.