குழந்தை அறைக்கு பிங்க்கா, புளூவா? இந்தியப் பெற்றோருக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை, ஏன்?

வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. அடுத்து, வீட்டில் குழந்தைக்கு ஒரு இடம் தயார் செய்ய வேண்டும். ஐடியா தேடி இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வரிசையாக வருவது என்ன? கேக்கை வெட்டினால் உள்ளே பிங்க், பலூனை உடைத்தால் நீலப் பொடி, அதே கலரில் பெயிண்ட் அடித்த அறை. உங்களுக்கோ பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்றே தெரியாது. அப்போ சுவருக்கு என்ன கலர் அடிப்பது?

ஆண், பெண் என்று பிரிக்காமல் குழந்தை அறையை அமைப்பது வெளிநாடுகளில் ஒரு தனி டிரெண்ட். இந்தியாவில் அது ஏற்கெனவே நம் நிலைமை. காரணம், ஒரு சட்டம்.

ஸ்கேன் சென்டரில் மாட்டியிருக்கும் அந்த போர்டு

கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-ல் வந்தது, 2003-ல் கடுமையாக்கப்பட்டது. பி.சி.பி.என்.டி.டி சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஸ்கேன் செய்பவர் வார்த்தையாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ பாலினத்தைச் சொல்லக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்யும் குடும்பத்தினருக்கும் சிறைத் தண்டனை உண்டு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பதில் தெரிந்ததால் பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டன. 6 வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 1991-ல் 945 பெண்கள் இருந்தனர். 2001-ல் அது 927. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 920-க்கும் கீழே போனது.

2024-ல் ஒரு தமிழ் யூடியூபர், வெளிநாட்டில் பரிசோதனை செய்து குழந்தையின் பாலினத்தை வீடியோவில் அறிவித்தபோது தமிழக சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். 'சந்தோஷத்தைத்தானே சொன்னாங்க' என்று பலர் கேட்டார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கான பதில், பல குடும்பங்களில் சந்தோஷத்தில் முடியவில்லை என்பதுதான் விஷயம்.

பிங்க் எப்போது பெண்ணுடையது ஆனது?

ரொம்ப காலமாக எல்லாம் இல்லை. 1918-ல் அமெரிக்காவின் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, பிங்க் அழுத்தமான நிறம், அதனால் ஆண் குழந்தைக்குப் பொருந்தும், நீலம் மென்மையானது, பெண் குழந்தைக்கு நல்லது என்று எழுதியது. இன்றைய பிரிவு 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் உறுதியானது. கலரைப் பிரித்தால் இரண்டாவது குழந்தைக்கு மறுபடி எல்லாம் வாங்க வேண்டும், கடைக்கு லாபம்!

நம் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் பாருங்கள். ஜடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிய குழந்தை யார் என்று கேட்டால், 'உங்க மாமாதான்' என்பார் பாட்டி. கருவளை, கொலுசு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு எல்லாம் இரண்டு குழந்தைகளுக்கும் பொதுதான்.

சரி, என்ன கலர் அடிக்கலாம்?

உங்களுக்குப் பிடித்த எந்தக் கலரும். பிறந்த குழந்தையால் சுமார் 20 முதல் 30 செ.மீ தூரத்தில் இருப்பதைத்தான் ஓரளவு தெளிவாகப் பார்க்க முடியும். அதுவும் வெளிர் நிறங்களைவிட கறுப்பு-வெள்ளை போல பளிச்சென்று வேறுபடும் வடிவங்கள்தான் கண்ணில் படும். தொட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு படம் போதும்.

கலரைவிட முக்கியம், பெயிண்டில் என்ன இருக்கிறது என்பது. 'நியூட்ரல்' என்றதும் பலரும் தேர்வு செய்வது மஞ்சள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பெயிண்டுகளில்தான் ஈயச் சேர்மங்கள் நிறமியாகச் சேர்க்கப்பட்டு வந்தன. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால்:

- டப்பாவின் லேபிளில் ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.
- பழைய வாடகை வீடு என்றால் கதவு, ஜன்னல் கம்பியில் இருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசிதான் ஆபத்து. உரிந்து விழுகிறது என்றால் ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, ஆள் வைத்து ஈரப்படுத்திச் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணி அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டாம்.
- பிரசவ தேதிக்குச் சில வாரங்கள் முன்பே பெயிண்ட் வேலையை முடித்து, ஜன்னலைத் திறந்து வாசனை போக விடுங்கள்.

டூ பி.எச்.கே வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது?

போகவே வேண்டாம். குறைந்தது முதல் 6 மாதங்கள் குழந்தை பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்பது அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அகாடமியின் பரிந்துரை. உங்கள் பெட்ரூமில் ஒரு மூலை போதும்.

அந்த மூலையில் படுக்கை தட்டையாக, அழுத்தமாக இருக்கட்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை எதுவும் வேண்டாம், மூச்சு அடைக்கும். அந்தப் பஞ்சு மெத்தையின் விற்பனைக்கு 2022-ல் அமெரிக்கா சட்டம் போட்டே தடை விதித்தது. தூளி கட்டினால் கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் படுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி நீண்ட தூக்கத்துக்குத் தட்டையான படுக்கைதான் சரி. அலமாரியைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். திரைச்சீலைக் கயிறு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

'பொறக்குறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது'

இப்படிச் சொல்லும் மாமியாரோடு சண்டை போட வேண்டாம். பெயிண்ட், அலமாரி, கொசுவலைக்கான கொக்கி எல்லாம் வீட்டு வேலைதானே, அவற்றை முடித்துவிடுங்கள். துணிக்கு, அக்கா வீட்டிலிருந்தோ அண்ணி வீட்டிலிருந்தோ துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் சட்டைகள் வரும். அதைவிட நல்ல முதல் உடை கிடையாது. பெண் குழந்தையின் சட்டையை ஆண் குழந்தை போட்டால் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை.

உண்மையான பரீட்சை பிறந்த பிறகு

பீஜ் கலர் அடித்துவிட்டால் மட்டும் அறை பொதுவாகிவிடாது. பிறந்த மறுநாளே 'பையனுக்கு கார், பொண்ணுக்கு கிச்சன் செட்' என்று கிஃப்ட் வர ஆரம்பிக்கும். வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் மனசு கஷ்டப்பட வேண்டாம். ஆனால் அலமாரியின் ஒரே தட்டில் காரும் இருக்கட்டும், சொப்புச் சாமானும் இருக்கட்டும். எதை எடுப்பது என்பதைத் தவழ்ந்து வரும் குழந்தை முடிவு செய்யட்டும்.

இன்னொன்றும் நடக்கலாம். பெண் குழந்தை என்று தெரிந்ததும், பார்க்க வருபவர்களில் ஒருவர் 'பரவாயில்ல, அடுத்தது பையனா பொறக்கும்' என்று ஆறுதல் சொல்லலாம். அப்போது இந்த மூலையைக் காட்டுங்கள். 'யார் வந்தாலும் சரின்னுதான் மூணு மாசம் முன்னாடியே ரெடி பண்ணி வெச்சோம்' என்று சொல்லுங்கள்.