வாசலில் நிற்கும் வண்டி



ஈப்போ நகரச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில், கூரையை மடித்துவிட்டு ஓடும் விளையாட்டுக் கார் ஒன்றை எப்போதாவது காண்கிறோம். இரண்டே இருக்கைகள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். அத்தகைய காரை வைத்திருப்போரில் பலர் தம் கையாலேயே எண்ணெய் மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் பார்த்து, புதிய பாகங்கள் பூட்டி மகிழ்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் வாசலிலும் கூரையில்லாத வண்டி ஒன்று நிற்கிறதே! அதற்கும் இரண்டே இருக்கைகள்தாம். சில வீடுகளில் அதில் நால்வர் ஏறிச் செல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம்; அதைப் பற்றிப் பிறகு சொல்வோம். காப்சாய் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறிய மோட்டார் சைக்கிளைப் பற்றியதே இன்றைய பேச்சு.

லயத்திலிருந்து மரத்துக்கு நடந்துபோன காலம் வேறு. இன்று லகாட்டைச் சுற்றிலும், ஏன், பேராக் முழுவதிலுமே, கித்தாத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மெங்லெம்புத் தொழிற்சாலைகளுக்கும் ஈப்போவுக்கும் வேலைக்குப் போகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பவில்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே வண்டிப் பராமரிப்பு என்பது இளைஞர்களின் விளையாட்டு மட்டுமன்று. வேலைக்கு வண்டி ஓட்டிச் செல்லும் தாய்மார்களும் இதைக் கேட்டல் நலம்.

இந்த வண்டி தொடக்கத்திலேயே எளியவர்களுக்காக அமைக்கப்பட்டது. ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘சூப்பர் கப்’ என்னும் வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும் கடைப் பையனுக்கும் அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கருதினார்களாம். அதனால்தான் அதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. அதே 1958ஆம் ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை நம் நாட்டில் விற்கும் உரிமையைப் பெற்றார். 2017ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் பத்துக் கோடி சூப்பர் கப் வண்டிகள் உருவாகிவிட்டன. இத்தனை வண்டிகளையும் பட்டறைக்காரர்கள் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இயலுமா? சில ஸ்பேனர்களும் ஒரு திருப்புளியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம்.

முதலில் எண்ணெய். இயந்திரம் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, அதனுள்ளே பிஸ்டன் ஒரு வினாடியில் நூறு முறை மேலேறி நூறு முறை கீழிறங்குகிறது. இரும்பும் இரும்பும் நேரே உராயாமல் நடுவே நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். காரில் இயந்திரத்துக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். காப்சாயிலோ இயந்திரம், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்; அதுவும் ஒரு லிட்டருக்குக் குறைவு. நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் 700 முதல் 800 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். இவ்வளவு சிறிய அளவு இத்தனை வேலை செய்தால் விரைவில் சக்தி இழப்பது இயல்பே. செம்மண் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு 2000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது என்பது எங்கள் கருத்து. மிச்சமிருக்கும் கார் எண்ணெயை ஊற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. கார் எண்ணெய்கள் சிலவற்றில் வழுவழுப்பை மிகுதியாக்கும் பொருள்கள் கலந்திருக்கும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் அதனால் வழுக்கத் தொடங்கும். போத்தலின் மேல் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக்கோல் உள்ள மூடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் உள்ளே வையுங்கள். திருகி இறுக்காமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் போதும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. பழைய எண்ணெயை வடிக்க, இயந்திரம் இளஞ்சூடாக இருக்கையில் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பெட்டி அலுமினியம்; உள்மரை ஒரு முறை தேய்ந்துவிட்டால் அந்த ஒரு போல்ட்டுக்காகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக நேரும்.

சங்கிலிக்கு வருவோம். பால் வெட்டுவோரின் வண்டியில் சங்கிலிக்குப் பகை அதிகம். மழை, மண் போதாவென்று, பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்தினால் இரும்பு அரிக்கிறது. பால் கட்டாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பு, பித்தளை முனைகளைத் தின்கிறது. பால் தோம்பை ஏற்றி இறக்கிய நாளில் வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது நல்ல பழக்கம். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். மிகவும் இறுக்கினால் பல்சக்கரமும் பேரிங்கும் தேயும். மிகவும் தளர்ந்தால் ஓடும்போது கழன்று சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கர அச்சின் இருபுறமும் கோடுகள் உள்ளன. இடப்பக்கம் எத்தனையாவது கோடோ, வலப்பக்கமும் அத்தனையாவது கோடு. இல்லாவிடில் சக்கரம் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சங்கிலியைப் பூட்டும் சிறு கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

இனி பிரேக். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்கலாகாது. பழைய காப்சாய்களில் சக்கரத்தின் நடுவே ஓர் உருளை; அதனுள் இரண்டு பிரேக் கட்டைகள். நாம் மிதிக்கும்போது கட்டைகள் விரிந்து உருளையை உராய்கின்றன. கட்டை தேயத் தேய மிதி கீழே போகும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பின்னாலுள்ள நட்டை இரண்டு திருகு திருகுகிறோம். பிரேக் மீண்டும் ‘பிடிக்கிறது’. அடுத்த மாதம் மீண்டும் இரண்டு திருகு. இப்படியே போனால் தேய்ந்த கட்டையின் உண்மை நிலை நமக்குத் தெரியாமலே போய்விடும். ஒரு நாள் கட்டையை விரிக்கும் உள்திருகி அளவு கடந்து திரும்பிச் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கவே பிரேக் தட்டின் வெளியே சிறிய அம்புக்குறி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிரேக்கை முழுதும் மிதித்துப் பிடிக்கும்போது அந்த அம்பு தட்டிலுள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால், நட்டைத் தொடாதீர்கள், கட்டையை மாற்றுங்கள். நேயர்கள் இன்று மாலையே போய் அந்த அம்பைத் தேடிப் பார்க்கலாம். பலர் பத்து ஆண்டு வண்டி ஓட்டியும் அதைப் பார்த்ததில்லை.

உருளையைத் திறந்தால் உள்ளே கரிய தூள் இருக்கும். வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். வேலை முடிந்ததும் சாலைக்கு விரையாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைச் சோதியுங்கள். பிறகு மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். நால்வர் ஏறிய வண்டிக்குப் பாரமும் கூடுகிறது. இருவருக்காக அளந்து செய்த கட்டை அதைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் பெற்றோரிடம் நாங்கள் இதைச் சொல்லாத நாளில்லை.

டயரைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர் யார்? 1877ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஒன்பது கித்தாக் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் பால்தான் கந்தகமும் கரியும் சேர்ந்து, வெந்து, டயராகிறது. பாலின் குணம் அறிந்த நமக்கு ஒன்று புரியும்: ரப்பருக்கு எண்ணெயும் வெயிலும் ஆகா. டயர் பளபளக்கட்டும் என்று பழைய எண்ணெயால் துடைப்பவர்கள் உண்டு. எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். சாலையில் வழுக்கவும் செய்யும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மலிவு விலை டயர் வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காற்றின் அளவு வண்டியில் ஒட்டிய சீட்டிலோ கைப்புத்தகத்திலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

பிளக்கைக் கழற்றினால் இயந்திரத்தின் நாக்கைப் பார்த்ததுபோல. இளம் பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எண்ணெய் ஈரமென்றால் உள்ளே தேய்மானம். அது நம் வேலையன்று, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது இளைஞர்கள் காத்திருக்கும் பகுதிக்கு வருகிறோம்: வண்டியை ‘மேம்படுத்துதல்’. பல்சக்கரத்தை மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். முன்சக்கரத்தில் 14 பல், பின்சக்கரத்தில் 35 பல் என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முன்பல்சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். முன்னே 15 பல் போட்டால் அது ஏறக்குறைய 2.33 ஆகிறது. சமதரையில் இயந்திரம் சற்று மெதுவாகச் சுழன்று அதே வேகம் தரும், உண்மைதான். ஆனால் பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது இழுக்காது. இயந்திரத்தின் சக்தி அதேதான். ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுக்கிறோம். தோட்டத்து மேட்டில் பால் ஏற்றும் வண்டிக்கு இது நட்ட வியாபாரம்.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது இன்னொன்று. சக்தி கூடும், சூடும் கூடும். ஆனால் பிரேக் உருளையும் சட்டமும் பழைய அளவிலேயே இருக்கும். நூறு சி.சி.க்கு அமைத்த பிரேக்கில் அதைவிட வேகமாக ஓடும் வண்டியை நிறுத்த வேண்டும். அத்துடன், இயந்திரத்தின் கொள்ளளவை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பதிவிலும் மாற்றம் வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதிப் பணத்திலும் சிக்கல் எழலாம். மெல்லிய டயரைப் பூட்டுவோரும் உளர். தரையைத் தொடும் ரப்பர் குறைந்தால், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். நம் பகுதியில் மாலை மழைக்குப் பஞ்சமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடுவதை மேம்பாடு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியவில்லை.

மகன் ஆசைப்பட்டுக் கேட்டால், முதலில் இரண்டு நல்ல டயர். அடுத்து, தரமான பிரேக் கட்டை. அதன்பின் முன்விளக்கு. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டு முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எதிரே வரும் லாரிக்காரர் நம்மைக் காண வேண்டுமே, அதற்காகத்தான். பல்பை மாற்றும்போது வாட் அளவைக் கூட்டாதீர்கள். சிறு வண்டியின் மின்னாக்கி அதற்குத் தக்கதன்று, பேட்டரி வற்றிவிடும். விளக்குக் கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தால் அதை மாற்றுவதே பாதி வெளிச்சம்.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை வண்டிக்கென்று ஒதுக்குங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, அப்போது மீட்டரில் இருந்த எண், டயர் வாங்கிய நாள், கொடுத்த வெள்ளி, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கணக்குப் பாடத்தில் நாட்டமில்லாத பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விருப்பத்தோடு எழுதுகிறான்; நாங்கள் கண்டது இது. இன்னும் ஒரு சொல். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துக் கால்வாய்கள் கிந்தா ஆற்றைத்தான் சேருகின்றன. காலிப் போத்தலில் நிரப்பி, அடுத்த முறை பட்டறைப் பக்கம் போகையில் கொடுத்துவிடுங்கள். பழைய எண்ணெய்க்கென்று பீப்பாய் வைத்திருக்கும் பட்டறைகளில் வாங்கிக்கொள்வார்கள்.