வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீர்: காரணமும் பரிகாரமும்

மழைக்காலத்தில் மண்சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்தோர் உயிரிழந்தனர் என்ற செய்தி நம் நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. இடிந்த சுவரை ஆராய்ந்து பார்த்தால், மேலே பெய்த மழையைவிட, அடியில் தேங்கி ஊறிய நீரே சுவரைச் சாய்த்தது என்பது பல இடங்களில் புலனாகும். செங்கல் வீடுகள் இவ்வாறு ஒரே இரவில் விழுவதில்லை. ஆயினும் அவற்றிலும் சுவரில் ஓதம் ஏறுகிறது, பூச்சு உதிர்கிறது, அஸ்திவாரம் இறங்கி வெடிப்புக் காண்கிறது.

இதற்குரிய பரிகாரம் அதிகப் பொருட்செலவைக் கோருவதன்று. முறையான வரிசையைக் கோருவதாகும். நீரை முதலில் சுவரிலிருந்து விலக்க வேண்டும். பின்னர் அது ஓடுவதற்கு வாட்டம் தர வேண்டும். இறுதியாக அது சென்று சேர ஓரிடம் காண வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

நீரின் அளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1 லிட்டர் ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதைக் கனமழை என வகுத்துள்ளது. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஓட்டு வீட்டின்மீது ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். கூரையில் விழும் நீர் 5,000 லிட்டர். கூரை இருபுறமும் சரிந்திருப்பின், இறவாரத்தின் கீழே ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 250 லிட்டர் நீர் கொட்டும். அவ்வளவும் சுவரடியிலேயே விழுமாயின் என்ன நேரும் என்பதை எவரும் எளிதில் உணரலாம்.

நீர் வரும் வழிகள்

வேலையைத் தொடங்குமுன், மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தல் நன்று. நீர் மூன்று வழிகளில் வரக்கூடும். முதலாவது, கூரையிலிருந்து விழுவது. இரண்டாவது, மேட்டு நிலம், தெரு, பக்கத்து மனை ஆகியவற்றிலிருந்து வழிந்து வருவது. மூன்றாவது, நிலத்தடி நீர் உயர்ந்து கீழிருந்து ஊறுவது. மழை பெய்யும்போதே தேங்கி, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் முதலிரு வகையைச் சேர்ந்தது. மழை விட்டுப் பல நாட்களாகியும் தரை நனைந்தே இருப்பின் மூன்றாவது காரணத்தை ஐயுற வேண்டும். காரணம் அறியாமல் கால்வாய் வெட்டுவது வீண் வேலையாகும்.

செய்ய வேண்டிய வேலைகள்

1. கூரை நீர்: இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டிவிடுக. இயன்றால் இறவாரத்தில் தகரப் பீலி அமைத்து, நீரைக் குழாய் வழியே சுவரடியைக் கடந்து விழச் செய்க.

2. சுவரடி: சுவரைச் சுற்றி ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் அகலத்திற்குச் செங்கல் அல்லது கல் பாவி, மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் வீதம் வெளிப்புறம் வாட்டம் தருக. பாவ இயலாதோர் களிமண் கலந்த மண்ணைக் கெட்டித்து, மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வாட்டம் தரலாம். சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி அமைப்பதும், எருக்குழி தோண்டுவதும் தவறு.

3. வடிகால்: பாவிய தரையின் ஓரத்தில் ஆழமற்ற திறந்த வடிகால் அமைத்து, மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் தருக. திறந்த வடிகாலில் அடைப்பைக் கண்ணால் காணலாம், கையால் நீக்கலாம். மேட்டிலிருந்து வரும் நீரை, வீட்டை அணுகுமுன்பே குறுக்கு வாய்க்கால் வெட்டித் திருப்புக.

வாட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் காற்றுக் குமிழியின்றி நீர் நிரப்பினால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் நாள்தோறும் கையாளும் முறை இதுவே.

மண்ணுக்கேற்ற மாறுதல்கள்

தக்காணம், மாளவம், குஜராத் ஆகிய பிரதேசங்களின் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இங்கே சுவரடியில் நீர் இறங்குவதே பெருந்தீங்கு. ஆகவே வடிகாலைக் கூடியவரை வீட்டினின்று தள்ளி அமைக்க வேண்டும். உறிஞ்சு குழியை அஸ்திவாரத்தின் அருகே தோண்டலாகாது. மணலும் சரளையும் உள்ள நிலத்தில் உறிஞ்சு குழி நன்கு பயன்படும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்நிலம் உறிஞ்சு குழிக்கு ஏற்றதன்று.

மண்சுவர் வீடுகளுக்காக, ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் மழையில் கரையாத ஒரு மண்பூச்சை உருவாக்கியுள்ளது. மண்ணும் வைக்கோலும் சேர்ந்த சாந்தில், மண்ணெண்ணெய் சேர்த்து இளக்கிய சாலைத் தாரைக் கலப்பதே அதன் அடிப்படை. எனினும் எப்பூச்சும் சுவரடியில் நிற்கும் நீருக்கு மாற்றாகாது. அடிப்புறம் அரிக்கப்பட்ட அல்லது புடைத்த மண்சுவரின் அருகே மழைக்கால இரவுகளில் எவரும் உறங்கக் கூடாது என்பதைப் பணியாளர்கள் வீடுதோறும் வலியுறுத்த வேண்டும்.

வீட்டின் உயரமும் தெருவின் உயரமும்

வீட்டின் தரைமட்டம் சுற்றுப்புற நிலத்தைவிட 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நெறியாகும். ஆனால் பழைய பரப்பைச் சுரண்டாமல் மீண்டும் மீண்டும் சாலை போடுவதால் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிடுகிறது. புதிதாகக் கட்டுவோர் சாலையின் நடுமேட்டிலிருந்தும் உயரத்தை அளந்துகொள்வது நலம்.

வெளியேறும் நீர்

நம் முற்றத்து நீரை அயலார் சுவரடிக்குத் தள்ளுவது வடிகாலன்று; வழக்குக்கு வித்தாகும். எல்லாவற்றையும் தெரு வடிகாலில் விடுவதும் போதாது. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்தவை. 2005 ஜூலை 26-ஆம் நாளையொட்டிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தைத் தனி வீட்டின் முயற்சி தடுக்காது. ஆயினும் சாதாரண மழையில், கூரை நீரைத் தொட்டியிலோ ஏற்ற நிலத்தில் உறிஞ்சு குழியிலோ சேர்க்கும் ஒவ்வொரு வீடும் தெருவின் சுமையைக் குறைக்கிறது. ஊர்க் குளத்துக்குச் செல்லும் பழைய வாய்க்கால்களைத் தூர்ந்துபோக விடாமல் காப்பது ஊரார் அனைவரின் கடமையாகும்.

வெள்ளம் வீட்டினுள் நுழையுமுன் மின்சாரத்தின் பிரதான இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குளோரின் கலந்து தூய்மை செய்யாமல் பருகலாகாது. கொசு முட்டை வெப்பப் பருவத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழுக் கொசுவாகிவிடுவதால், எந்த நீரையும் அதுவரை தேங்கவிடக் கூடாது.

ஆசிரியர்கள் பள்ளி முற்றத்தையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளலாம். மாணவர்கள் கூரையின் பரப்பை அளந்து, மழையளவால் பெருக்கி, நீர் எந்த வழியே ஓடுகிறது என்பதைப் படமாக வரையட்டும். பின்னர் தத்தம் வீட்டுக்கும் அவ்வாறே படம் வரையச் செய்க. மழைக்கு ஒரு மாதம் முன்னரே இதைத் தொடங்கினால், குறைகளைத் திருத்த வீட்டாருக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.