இயக்குநர் என்ன செய்கிறார்? பேராதனை காட்டும் வழி

"இயக்குநர் வேலை என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "வசனம் சொல்லிக் கொடுக்கிறதுதானே டீச்சர்?" என்பார்கள். அது பாதிதான்.

இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் நடந்ததைப் பாருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமத்துக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்'. ஊரில் வட்டக்களரியில் விடிய விடிய ஆடுவது கூத்து. சனங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். பல்கலைக்கழக மேடையிலோ பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும், நேரமும் குறைவு. ஆகவே அவர் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது:

1. கதையில் எதை வைப்பது, எதை விடுவது?
2. நடிகர் எங்கே நின்றால் முகமும் ஆட்டமும் தெரியும்?
3. ஆட்டத்தையும் தாளத்தையும் யாரிடம் கற்பது? கிராமத்து அண்ணாவியாரிடம்தான்.

இப்படி முடிவெடுப்பதுதான் இயக்கம். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் நாடகப் பேராசிரியரானார்.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கத்து ஆசிரியர்களே, பாடநூலில் ஒரு காட்சியை எடுங்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து இதே கேள்விகளைக் கேளுங்கள். எடுத்த முடிவுக்குக் காரணமும் சொல்லணும். அந்தக் காரணமே தேர்வில் நல்ல விடையாகும்.

மாணவர்களே, "எங்க தோட்டத்துல என்ன கலை இருக்கு?" என்று நினைக்காதீங்க. கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும் அண்ணனிடம் தாளம் கேளுங்க. பேராதனை மாணவர்களும் கிராமத்துக் கலைஞரிடம்தான் கற்றார்கள்.